கேட்பேக் மாற்றி இரண்டே வாரத்தில் செக் எஞ்சின் விளக்கு (நிஸான் 370 இசட், பி0430)

2024 மார்ச் 9, சனி, இரவு 9:50

புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைத் தொடாமல், அதற்குப் பின்னால் இருக்கும் குழாயையும் சைலன்சரையும் (இந்தப் பகுதிதான் கேட்பேக்) மட்டும் மாற்றினால் செக் எஞ்சின் விளக்கு எரியுமா? எரியாது என்று நம்பித்தான் மாற்றினேன். எரிகிறது.

வண்டி 2012 நிஸான் 370 இசட், ஆறு கியர் மேனுவல், 3.7 லிட்டர் வி6. 2021-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இப்போது 91,000 மைல் ஓடியிருக்கிறது. பிப்ரவரி 24 அன்று கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஒரு கடையில் கேட்பேக் போட்டுக்கொண்டேன். இஞ்சினில் வேறு எதையும் தொடவில்லை. ட்யூன் இல்லை, இன்டேக் மாற்றவில்லை. இன்று மாலை சான் ஹோசேயிலிருந்து 680 நெடுஞ்சாலையில் திரும்பும்போது, மிஷன் பூலவார்டு வெளிவழிக்குச் சற்று முன்னால் விளக்கு வந்தது. சீரான வேகம், வண்டி திணறவில்லை. விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்ததால் வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன். சிமிட்டியிருந்தால் ஓரங்கட்டியிருப்பேன். சிமிட்டுகிறது என்றால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை), எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று பொருள்.

2024 மார்ச் 9, இரவு 11:25

வண்டியின் கம்ப்யூட்டரைப் போனில் படித்துக் காட்டும் டாங்கிளைச் செருகிப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு பழுதுக் குறியீடு (கோடு): பி0430. பேங்க் 2 (வி6-ல் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்கள் ஒரு பேங்க்) கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அதன் அர்த்தம். பேங்க் 1-க்கு உரிய பி0420 இல்லை.

ஃப்ரீஸ் ஃப்ரேமையும் (கோடு பதிவான நொடியில் வண்டி இருந்த நிலை) எழுதி வைக்கிறேன், பிறகு தேவைப்படும். வேகம் 64 மைல், 2,350 சுற்று, கூலன்ட் 190 டிகிரி ஃபாரன்ஹீட். நீண்டகால எரிபொருள் திருத்தம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் அளவு) இரண்டு பேங்கிலும் 3 சதவீதத்துக்குள்.

கோடை அழிக்கவில்லை. அழித்தால் இந்தத் தகவல் எல்லாம் அதோடு போய்விடும்.

2024 மார்ச் 10, ஞாயிறு

இங்கே நான் எழுதியதற்கு ஒரு ராத்திரிக்குள் பதினொரு பதில். பாதிப் பேர் ஸ்பேசர் போடச் சொல்கிறார்கள். மூன்று பேர் "பேக் பிரஷர் குறைந்துவிட்டது, அதனால்தான்" என்கிறார்கள்.

பேக் பிரஷரை, அதாவது குழாய்க்குள் புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தத்தை, முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த வண்டியில் எக்ஸாஸ்ட் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. கம்ப்யூட்டர் அறியாத ஒன்றைக் காரணம் காட்டி அது விளக்கை எரிய விடாது. தவிர, வி6-ல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குழாய்தான். குறை குழாயின் அமைப்பில் என்றால் பி0420, பி0430 இரண்டும் வந்திருக்க வேண்டும். வந்திருப்பது ஒன்று. அப்படியென்றால் ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் ஏதோ இருக்கிறது. (நிஸானின் இந்த இஞ்சினில் 1, 3, 5 சிலிண்டர்கள் பேங்க் 1, பயணி பக்கம். 2, 4, 6 பேங்க் 2, ஓட்டுநர் பக்கம்.) நாலு சிலிண்டர் வண்டிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு கன்வெர்ட்டர் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கிறது. எனக்குத் தெரிந்து வி6 வைத்திருப்பதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான்.

ஸ்பேசர் விஷயம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை (பின் சென்சார்) குழாயிலிருந்து ஓர் அங்குலம் வெளியே தூக்கி வைக்கும் துண்டு அது. புகை சென்சாரை நேராகத் தொடாது, அளவு மந்தமாக வரும், கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். நான் போட மாட்டேன். சட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. விளக்கு என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. என்ன என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அதன் வாயைப் பொத்திவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

சட்டம்: கலிபோர்னியாவில் கேட்பேக் மாற்றலாம், சத்தம் 95 டெசிபெலைத் தாண்டக் கூடாது.  கன்வெர்ட்டர், சென்சார் பக்கம் கை வைத்தால் அது வேறு கதை. கம்பெனியின் அசல் பாகம் இல்லையென்றால், மாநில அனுமதி எண் இல்லாத பாகத்தை அங்கே பொருத்தக் கூடாது.

கோடை அழித்துவிட்டு மறுநாளே ஸ்மாக் செக்குக்கு (மாநிலத்தின் வண்டிப் புகைப் பரிசோதனை) கொண்டுபோ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலம் போய்விட்டது. 2010-லும் அதற்குப் பின்னும் வந்த வண்டிகளில் நிரந்தரக் கோடு என்று தனியாக ஒன்று நினைவில் நிற்கிறது. நம் டாங்கிளால் அதை அழிக்க முடியாது. 2019 ஜூலையிலிருந்து ஸ்மாக் செக்கில் அதையும் பார்க்கிறார்கள், இருந்தால் தோல்வி. கோடை அழித்த பிறகு இஞ்சின் குளிர்ந்து சூடேறுவது (வார்ம்-அப்) 15 முறை நடந்து, 200 மைலும் ஓடியிருந்தால் மட்டும் அதை விட்டுவிடுவார்கள்.

2024 மார்ச் 12, செவ்வாய்

ஒரு திருத்தம். ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதும்போது, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஆடும், பின் சென்சார் ஆடாமல் நிற்கும், இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பழைய வண்டிகளுக்கு அது சரி. 370 இசட்டில் முன்னால் இருப்பது காற்று-எரிபொருள் விகித சென்சார், வேறு வகை. அது அப்படி ஆடாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "முன் சென்சார் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கிவிடாதீர்கள். பின் சென்சார் மட்டும்தான் பழைய வகை. இங்கே ஒப்பிட வேண்டியது முன்னையும் பின்னையும் அல்ல, இடது பின்னையும் வலது பின்னையும்.

கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் ஏன் ஆடாமல் நிற்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பூச்சில் சீரியம் ஆக்சைடு இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் அதிகமாக வரும்போது வாங்கி வைத்துக்கொள்ளும், குறையும்போது வெளியே விடும். மேட்டுத் தண்ணீரைக் கண்மாய் வாங்கி மடை வழியாகச் சீராக விடுவது போல. கண்மாய் தூர்ந்துபோனால் மேலே வருகிற ஏற்ற இறக்கம் அப்படியே கீழே தெரியும். பி0430 என்பது அந்தத் தூர் அளக்கும் சோதனை. அந்தச் சோதனையில் தோற்றுவிட்டது என்றுதான் கோடு சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை.

2024 மார்ச் 16, சனி

காலையில் குளிர்ந்த இஞ்சினோடு கிளம்பினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து போனில் வரைபடத்தைப் பதிவு செய்தாள். நைல்ஸ் கேன்யன் சாலையில் மெதுவாகச் சுனோல் வரை, அங்கிருந்து 680-ல் 65 மைல் வேகத்தில் திரும்பி வந்தோம்.

வீட்டு வாசலில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இஞ்சின் சும்மா ஓடும்போது): பேங்க் 1 பின் சென்சார் 0.7 வோல்ட்டில் கோடு போட்டாற்போல. பேங்க் 2 அடிக்கடி 0.1-க்கு விழுகிறது, ஏறுகிறது, மறுபடி விழுகிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து 2,500 சுற்றில் பிடித்தால் விழுவது பெரிதும் குறைந்துவிடுகிறது.

இது கன்வெர்ட்டர் நோயாகத் தெரியவில்லை. வெளிக்காற்று உள்ளே வருகிற அறிகுறி. ஐடிலில் புகை சீராகப் போவதில்லை, அடித்து அடித்துப் போகும். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் குழாயில் ஒரு கணம் உறிஞ்சல் உண்டாகும். பக்கத்தில் ஓட்டை இருந்தால் அந்தக் கணத்தில் காற்று உள்ளே நுழையும், சென்சார் அதை ஆக்சிஜன் என்று படிக்கும். மிதித்தால் உள்ளே அழுத்தம் கூடும், காற்று நுழையாது. எரிபொருள் திருத்தம் சரியாகவே இருக்கிறது, ஆகவே ஓட்டை முன் சென்சாருக்கு அருகில் இல்லை. பின் சென்சாருக்கு ஒரு சாண் பின்னால் என்ன இருக்கிறது? கன்வெர்ட்டரும் புதுக் குழாயும் போல்ட்டால் சேரும் விளிம்பு, அதாவது ஃபிளேஞ்ச். கடைக்காரர்கள் கழற்றி மாட்டிய இடம்.

கடைக்காரர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. வேறென்ன சொல்ல.

2024 மார்ச் 17, ஞாயிறு

அப்பாவிடம் போனில் சொன்னேன். மதுரையில் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். சென்சார், வோல்ட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் கிடக்கட்டும்டா. துணியை வச்சுப் பொத்திப் பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. முறை இது: இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது வண்டியை வெளியே, திறந்த இடத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டும். தடித்த கையுறை போட்டு, மடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி மட்டும் பொத்த வேண்டும். அடைப்பு நன்றாக இருந்தால் துணியைத் தள்ளிக்கொண்டு வரும், இஞ்சின் திணறும். ஓட்டை இருந்தால் அங்கே "ச்ச்ச்" என்று கேட்கும். இசட்டுக்கு இரண்டு வாய், ஆகவே இரண்டு பேர் வேண்டும். நான் ஒன்றைப் பொத்த, மனைவி மற்றொன்றைப் பொத்த, அப்பா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே ஞாயிறு காலை எட்டு, அங்கே இரவு எட்டரை.

சத்தம் வந்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயிருந்து, பால் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அது போல. அப்பாவுக்கே கேட்டுவிட்டது. "ஜாயின்ட்ல இருக்கு, கழட்டிப் பாரு. இறுக்கிப் பாக்காத, கழட்டிப் பாரு" என்றார்.

2024 மார்ச் 20, புதன்

சென்சார் வயர்களைக் கடைக்காரர் இடம் மாற்றிச் செருகியிருந்தால் கோடு எதிர்ப்பக்கத்தைக் காட்டுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று இரவு பேங்க் 2 பின் சென்சாரின் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். வரைபடத்தில் பேங்க் 2-ன் வரிதான் செத்தது. வயர் சரியாக இருக்கிறது. கழற்றி மாட்டும் இடத்தில் இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், செய்துவிடுங்கள்.

2024 மார்ச் 23, சனி, மாலை

கிடைத்துவிட்டது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி நான்கு ஸ்டாண்டில் நிறுத்தினேன். (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். இதைச் சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை.) கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. கராஜில் இருக்கும் வாக்குவம் கிளீனரின் குழாயை ஊதும் பக்கத்தில் மாட்டி ஒரு சைலன்சர் வாயில் வைத்துத் துணியால் அடைத்தேன், மறு வாயையும் அடைத்தேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து இரண்டு ஃபிளேஞ்சிலும் தெளித்தேன். பயணி பக்கம் ஒன்றும் இல்லை. ஓட்டுநர் பக்கம், மேல் விளிம்பில், கீழே படுத்துப் பார்த்தால்கூட நேராகத் தெரியாத இடத்தில், சின்னச் சின்னக் குமிழிகள் இட்லி மாவு பொங்குவது போல வந்துகொண்டே இருந்தன. பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை வைத்துத்தான் அதைப் பார்த்தேன்.

கழற்றினேன். இரண்டு விளிம்புக்கும் நடுவில் அடைப்பாக வைக்கும் புது கேஸ்கெட் இருந்தது, நல்ல கேஸ்கெட்தான். ஆனால் கன்வெர்ட்டர் பக்கத்து முகத்தில் பழைய கேஸ்கெட்டின் ஒரு துண்டு கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நீளம், தோசைக்கல்லில் தீய்ந்த அடி மாதிரி. அதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதால் எதிர்ப்பக்கம் முழுக்கப் பதியவில்லை. அப்பா ஏன் இறுக்காதே என்றார் என்று அப்போதுதான் புரிந்தது. இறுக்கியிருந்தால் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும், நானும் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பேன். துண்டு அங்கேயே கிடந்திருக்கும்.

சுரண்ட நாற்பது நிமிடம் ஆனது. பித்தளை பிரஷ், பிறகு பிளேடு. உலோகத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன். புது கேஸ்கெட், புது போல்ட், ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என்று மாற்றி மாற்றி மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை.

ஐடிலில் பேங்க் 2 இப்போது 0.7-ல் நிற்கிறது. விழவே இல்லை.

2024 மார்ச் 24, ஞாயிறு

கோடை அழித்தீர்களா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. பழுது உண்மையிலேயே போயிருந்தால் அந்தச் சோதனை தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் தேறியதும் விளக்கு தானே அணையும். நிரந்தரக் கோடும் அப்படியே போகும். அழித்தால் எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும், ஸ்மாக் செக்குக்கு அவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். 2000-லும் அதற்குப் பின்னும் வந்த பெட்ரோல் வண்டியில் ஆவிக் கசிவுச் சோதனை ஒன்றை மட்டும்தான் முடியாமல் இருக்க விடுவார்கள். எனக்கு ஸ்மாக் மே மாதம். அவசரம் இல்லை, பொறுத்துப் பார்க்கிறேன்.

2024 மார்ச் 30, சனி

விளக்கு அணைந்துவிட்டது. வியாழக்கிழமை காலை.

2024 ஏப்ரல் 3, புதன்

அணைந்த மகிழ்ச்சியில் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். புது எக்ஸாஸ்ட் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: 4,000-க்கு மேல் அருமை. இந்த இஞ்சினுக்கு இயல்பிலேயே தகரம் கிழிவது போல ஒரு கரகரப்பு உண்டு. ரெசனேட்டர் (சத்தத்தை அடக்கும் கூடுதல் அறை) உள்ள கேட்பேக்காகப் பார்த்து வாங்கியதால் அது அடங்கியிருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் 2,400 சுற்றில் காதுக்குள் ஒரு ரீங்காரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ், இரவுப் பணி முடிந்து காலையில்தான் தூங்குவார். அதனால் காலையில் தெருமுனை வரை இரண்டாவது கியரில் 1,500-ஐத் தாண்டாமல் போகிறேன். வாங்குகிறவர்கள் முதலில் யாருடைய வண்டியிலாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வீடியோவில் இந்த ரீங்காரம் தெரியாது.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. சாமி கும்பிட்டுவிட்டு லிவர்மோர் கோயிலுக்குப் போய் வந்தோம். வீட்டுக்கு வந்து பழக்கத்தில் டாங்கிளைச் செருகினேன். விளக்கு எரியவில்லை, ஆனால் நிலுவையில் ஒரு கோடு: பி0430.

இரண்டு ஓட்டத்தில் தோற்றால்தான் விளக்கு எரியும். இது முதல் தோல்வி.

2024 ஏப்ரல் 14, இரவு

மார்ச் 9 குறிப்பைத் திரும்பப் படித்தேன். விடை அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஃப்ரீஸ் ஃப்ரேம் 64 மைல், 2,350 சுற்று. கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைச் சோதித்துத் தோல்வி என்று எழுதிய தருணம் அது. நான் கண்டுபிடித்த ஓட்டை ஐடிலில்தான் காற்றை அதிகமாக உள்ளே இழுத்தது. 2,500 சுற்றில் வோல்ட் விழுவது பெரிதும் குறைந்துவிட்டது என்று மார்ச் 16-ல் நானே எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் நெடுஞ்சாலை வேகத்தில் தோற்றதற்கு ஓட்டை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒரு பழுதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் அதுதான் பழுது என்று நிறுத்திக்கொண்டேன்.

மோட் 6-ஐ இப்போதுதான் திறந்து பார்த்தேன். கோடு வருகிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு சோதனையிலும் என்ன மதிப்பு வந்தது, வரம்பு எவ்வளவு என்று அதில் இருக்கும். 21 என்ற எண் பேங்க் 1 கன்வெர்ட்டர், 22 பேங்க் 2. பேங்க் 1 வரம்பிலிருந்து வெகுதூரம். பேங்க் 2 வரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் தேறும், ஒரு நாள் தோற்கும். முதல் நாளே இந்தப் பக்கத்தைத் திறந்திருக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 16, செவ்வாய்

நேற்று மாலை மறுபடி 680. 65 மைல், குரூஸ் போட்டு, பத்து நிமிடப் பதிவு. பேங்க் 1 நேர்கோடு. பேங்க் 2 மெதுவாக, சீராக, மேலும் கீழும் ஆடுகிறது. மார்ச்சில் பார்த்த வீழ்ச்சி வேறு. அது எப்போதும் கீழே மட்டும் விழும், ஒழுங்கே இருக்காது. இது இரண்டு பக்கமும் அலை போல. முதலாவது காற்று, இரண்டாவது தூர்ந்த கண்மாய். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு மேல் சந்தேகம் வராது.

வெப்பமானியால் கன்வெர்ட்டரின் முன்னும் பின்னும் சூடு பார்க்கச் சொன்னவருக்கு: பார்த்தேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்றைய இஞ்சின்களில் புகை ஏற்கெனவே சுத்தமாக வருவதால் நல்ல கன்வெர்ட்டரிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏன் ஒரு பக்கம் மட்டும் தூர்ந்தது? முந்தைய உரிமையாளர் கொடுத்த ரசீதுக் கட்டைத் தேடி எடுத்தேன். 2018 அக்டோபர்: மிஸ்ஃபயர், நான்காம் சிலிண்டர் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) மாற்றம். நான்காம் சிலிண்டர் பேங்க் 2. எத்தனை நாள் அப்படியே ஓட்டினார் என்று ரசீதில் இல்லை. எரியாத பெட்ரோல் எல்லாம் கன்வெர்ட்டரில் போய் எரிந்திருக்கும். நான் வாங்கும்போதே அது அரைகுறையாக இருந்திருக்கிறது.

கன்வெர்ட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நாடு முழுவதற்குமான உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 80,000 மைல். எது முதலில் வருகிறதோ அதுவரை. என் வண்டிக்கு அது 2020-லேயே முடிந்துவிட்டது. எட்டு வருஷம் ஆகாத வண்டி வைத்திருப்பவர்கள் பணம் கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மார்ச் 16-ல் கடைக்காரரைப் பற்றி எழுதியதையும் திருத்துகிறேன். ஃபிளேஞ்சைச் சுரண்டாதது அவர் தவறு, அதில் மாற்றமில்லை. ஆனால் விளக்கு எரிந்ததற்கு முழுப் பழியையும் அவர் மேல் போட்டது என் தவறு. கேட்பேக் மாற்றாமலே இருந்திருந்தாலும் இன்னும் சில மாதங்களில் இந்த விளக்கு வந்திருக்கும். வரம்பின் மேல் நின்றுகொண்டிருந்ததை அந்தக் காற்று கொஞ்சம் தள்ளிவிட்டது என்பதே இப்போதைக்கு என் எண்ணம். இன்று கடைக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். கேஸ்கெட் துண்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், "சுரண்டியிருக்க வேண்டும்" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

2024 ஏப்ரல் 19, வெள்ளி

"இப்போதாவது ஸ்பேசர் போடலாமே, கன்வெர்ட்டர்தான் கெட்டுப்போச்சு என்று தெரிந்துவிட்டதே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முப்பது டாலருக்கு முடியும், நீங்கள் ஆயிரத்துக்கு மேல் செலவழிக்கிறீர்கள் என்கிறார்.

தம்பி, பணக் கணக்கு எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்தக் கன்வெர்ட்டர் எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், எரியாத பெட்ரோல். நான் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் இடத்துக்கு எட்டடி தள்ளி அந்த நர்ஸ் அக்காவின் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது. என் மகள் கராஜ் வாசலில் சைக்கிள் ஓட்டுகிறாள். சத்தத்துக்காக ஆசைப்பட்டு எக்ஸாஸ்ட் மாற்றியவன் நான்தான். அந்த ஆசைக்கான விலையை அவர்கள் மூச்சில் வாங்கக் கூடாது. அதோடு, கெட்ட கன்வெர்ட்டரை மூடி மறைத்துவிட்டால் அடுத்த முறை நான்காம் சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் உள்ளே உருகி அடைத்துக்கொண்ட பிறகுதான் தெரியவரும்.

நிஸானின் அசல் பாகத்தையே ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் ஆர்டர் செய்துவிட்டேன். ஆறு ஸ்பார்க் பிளக்கும் சேர்த்து.

2024 ஏப்ரல் 27, சனி

பிளக்குகளை முதலில். ஐந்து, இளம் பழுப்பு. நான்காவது மட்டும் கறுப்பு, உலர்ந்த கரி, விரலில் ஒட்டியது. மிஸ்ஃபயர் கோடு எதுவும் வந்ததில்லை, ஆனால் அங்கே எரிதல் சரியில்லை என்று பிளக் சொல்கிறது. காயிலையும் மாற்றிவிட்டேன். இதைச் செய்யாமல் புதுக் கன்வெர்ட்டரை மாட்டியிருந்தால் இரண்டு வருஷத்தில் அதுவும் போயிருக்கும்.

கன்வெர்ட்டரைக் கழற்ற அரை நாள். மேலே மேனிஃபோல்டு பக்கத்து நட்டுகள் துரு ஏறி நின்றன. முந்தின இரவே துரு விடும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன், அப்படியும் ஒன்று உடைந்தது. பின் சென்சாரை 22 மில்லிமீட்டர் வெட்டு சாக்கெட் போட்டுக் கழற்றி அதையே புதியதில் மாட்டினேன். மரையில் மட்டும் கொஞ்சம் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை). சென்சார் முனையில் படக் கூடாது.

பழைய கன்வெர்ட்டரின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தேன்கூடு, நேர் நேராகச் சின்னச் சதுரங்கள். பெரும்பகுதி ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும், கட்டைவிரல் அளவுக்கு, சதுரங்கள் இல்லை. மெழுகு உருகி உறைந்த மாதிரி வழவழவென்று ஒரு பள்ளம். மகளும் எட்டிப் பார்த்தாள். "இது ஏன்பா அழுதிருக்கு?" என்றாள்.

2024 மே 4, சனி

680-ல் அதே பத்து நிமிடம், அதே 65 மைல். இரண்டு பேங்கும் ஒன்றன் மேல் ஒன்றாக, எது எது என்று நிறத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடிகிறது. மோட் 6-ல் 21-ம் 22-ம் ஏறக்குறைய ஒரே மதிப்பு. நிலுவை எதுவும் இல்லை, நிரந்தரக் கோடு காலி. இந்த வண்டியின் ஐடில் இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. அது பிளக்கும் காயிலும் செய்த வேலை.

2024 மே 11, சனி

ஸ்மாக் தேறியது. பதினைந்து நிமிடம். செருகினார்கள், அடியில் கண்ணாடி வைத்துக் கன்வெர்ட்டரைப் பார்த்தார்கள். கேட்பேக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பதில்: கேட்பேக் மட்டும் மாற்றினால் விளக்கு எரியாது. எரிந்தால், மாட்டிய இடத்தில் காற்று போகிறதா என்று சோப்புத் தண்ணீரில் பாருங்கள், பிறகு ஃப்ரீஸ் ஃப்ரேமையும் மோட் 6-ஐயும் பாருங்கள். ஒன்று கிடைத்துவிட்டது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பக்கத்து ஜாயின்டைக் கழட்டிப் பாத்தியா?" என்றார். பயணி பக்கம் குமிழி வரவில்லை என்பதால் அதை நான் கழற்றவே இல்லை. அங்கேயும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். கேஸ்கெட் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கழற்றுகிறேன்.